நிரலை எங்கே வைப்பது? 1945–1953 கணினிகளின் நினைவகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-க்கும், சிறு காந்த வளையங்களில் எண்ணை வைக்கும் ஃபெரைட் வளைய நினைவகம் வேலைக்கு வந்த 1953-க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில்தான் இன்றைய கணினியின் அமைப்பு உருவானது. அந்தக் காலத்தைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் 'எது முதல் கணினி' என்பதில் போய் நிற்கின்றன. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: அந்த இயந்திரம் எண்ணை எங்கே வைத்திருந்தது? கூட்டிக் கழிக்கும் மின்சுற்று 1945-லேயே கைக்கு வந்துவிட்டது. எண்ணைப் போட்டுவைக்கத்தான் இடமில்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் வேகமும், அதற்கு நிரல் எழுதும் முறையும், அது பழுதாகும் விதமும் நினைவகத்தை ஒட்டியே அமைந்தன. கீழே உள்ள பதில்களும் அந்த வழியில்தான் போகின்றன.

எனியாக் மின்னணுக் கணினிதானே? அதில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஏன் நாள்கணக்கில் ஆனது?

அமெரிக்காவில் கட்டிய எனியாக்கில் நிரல், அதாவது கட்டளைகளின் வரிசை, எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எந்தப் பெட்டி எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கம்பி இணைப்புகளே தீர்மானித்தன. ஒரு பெட்டி தன் வேலையை முடித்ததும் ஒரு மின்துடிப்பை வெளியே விடும். அந்தத் துடிப்பு எந்தக் கம்பி வழியாக எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேருகிறதோ, அதுதான் அடுத்த கட்டளை. ஆகவே கணக்கை மாற்றுவது என்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறு இடங்களில் செருகுவது, ஆயிரக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்புவது, பிறகு எல்லாவற்றையும் சரிபார்ப்பது. கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்செஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய ஆறு பெண்கள் இயந்திரத்தின் வரைபடங்களைப் படித்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். 1946 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டபோது ஓடிய கணக்கை அமைத்தவர்களும் இவர்கள்தான்.

ஏன் நிரலை உள்ளே சேமித்து வைக்கவில்லை? இடமில்லை என்பதுதான் பதில். எனியாக்கில் 20 திரட்டிகள், அதாவது எண்ணை வைத்துக் கூட்டும் பெட்டிகள். ஒவ்வொன்றும் 10 இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளும். ஒரு திரட்டிக்கு மட்டும் சுமார் 550 வால்வுகள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வெற்றிடக் குழாய்கள்). கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருந்த சுமார் 18,000 வால்வுகளில் ஏறத்தாழ 11,000 வால்வுகள், வெறும் 200 இலக்கங்களை வைத்துக்கொள்வதற்கும் அவற்றைக் கூட்டுவதற்கும் போய்விட்டன. 200 இலக்கங்களை ஒரு பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். 

1948-இல் எனியாக்கை ஓரளவு மாற்றியமைத்தார்கள். மாறிலிகளைக் குறித்துவைக்க இருந்த சுவிட்சுப் பலகைகளில் கட்டளைகளை எண்களாகத் திருப்பி வைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யும்படி ஆக்கினார்கள். முன்புபோல் பல பெட்டிகள் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாததால் வேகம் குறைந்தது. ஆனாலும் அமைக்கும் நேரம் வெகுவாகக் குறைந்ததால் அந்த இழப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. 1955 அக்டோபர் 2 வரை எனியாக் அப்படித்தான் ஓடியது.

18,000 வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகவில்லையா?

ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒன்று போனது. இதைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட் இரண்டு விதிகளைக் கறாராகக் கடைப்பிடித்தார். வால்வுகளை அவற்றின் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கணிசமாகக் கீழேயே இயக்குவது ஒன்று. இயந்திரத்தை அணைக்காமல் வைத்திருப்பது மற்றொன்று. வால்வின் இழை சூடேறும்போதும் ஆறும்போதும்தான் பெரும்பாலும் அறுகிறது. வீட்டில் பழைய குண்டு பல்பு சுவிட்சைப் போடும் நொடியில் எரிந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விர்ல்விண்ட் கணினியைக் கட்டியவர்கள் இன்னொரு முறையைச் சேர்த்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டிக் குறைத்து, சோதனைக் கணக்குகளை ஓட்டுவார்கள். தளர்ந்துபோன வால்வு அப்போதே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கின் நடுவே அது சாவதற்குள் மாற்றிவிடலாம். விளிம்புச் சோதனை என்று இதைச் சொல்லலாம். வால்வுகள் மறைந்த பிறகும் இந்தப் பழக்கம் மின்னணுவியலில் தொடர்கிறது.

நிரலையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைப்பது யாருடைய யோசனை?

எழுத்தில் முதலில் பரவியது கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மன் பெயரில், 1945 ஜூன் 30 தேதியிட்டு வெளிவந்த, எட்வாக் என்ற புதிய கணினிக்கான வரைவு அறிக்கை. எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட்டும் ஜான் மாக்லியும் அதற்கு முன்பே அந்தத் திசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் அவர்கள் பெயர் இல்லாதது நியாயமல்ல என்றே நாங்கள் கருதுகிறோம். 1946 கோடையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் நடந்த தொடர் விரிவுரைகள் இந்த யோசனையை நேரடியாகக் கொண்டுசேர்த்தன. கேம்பிரிட்ஜிலிருந்து தாமதமாக வந்து கடைசி வாரங்களில் மட்டும் உட்கார்ந்த மாரிஸ் வில்க்ஸ், ஊர் திரும்பியதும் எட்சாக் என்ற கணினியைக் கட்டத் தொடங்கினார்.

பாதரசத்தில் எண்ணைச் சேமிப்பது எப்படி?

பாதரசம் நிரம்பிய நீண்ட எஃகுக் குழாய். இரு முனைகளிலும் குவார்ட்ஸ் படிகம். ஒரு முனைப் படிகத்துக்கு மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து பாதரசத்தில் ஒலி அலையாகப் போகும். மறுமுனைப் படிகம் அதை மீண்டும் மின்துடிப்பாக்கும். வந்த துடிப்பைப் பெருக்கி, கடிகாரத் துடிப்போடு ஒத்துப் பார்த்து ஒழுங்குபடுத்தி, மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மின்சாரம் இருக்கும்வரை அந்த வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும். விமானம் தேடும் ரேடாரில் அசையாத பொருள்களின் எதிரொலியை நீக்குவதற்காகப் போர்க்காலத்தில் உருவான கருவி இது. எக்கர்ட் அதை நினைவகமாக்கினார்.

எட்சாக்கின் அளவுகளைப் பாருங்கள். கடிகாரம் 500 கிலோஹெர்ட்ஸ், அதாவது 2 மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பு. ஒரு குழாயில் 576 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1). ஒரு முழுச் சுற்றுக்கு 576 × 2 = 1,152 மைக்ரோ விநாடி. பாதரசத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,450 மீட்டர் என்பதால், அந்த நேரத்தில் ஒலி 1.6 மீட்டருக்கு மேல் போகும். குழாய் ஐந்தடிக்கு மேல் நீண்டதற்குக் காரணம் இதுதான். இப்படி 32 குழாய்கள்.

இதன் விலையை நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டிய எண் அப்போதுதான் முனையைக் கடந்து போயிருந்தால், அது திரும்பி வரும்வரை ஒரு மில்லி விநாடிக்கு மேல் இயந்திரம் சும்மா நிற்கும். சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருப்பு.

ஏன் பாதரசம்? தண்ணீர் போதாதா?

ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒலித்தடையும் (ஒலி அலைக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) ஒத்துப்போகாவிட்டால் திரும்பிவிடும். குவார்ட்ஸுக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் எல்லையிலேயே எதிரொலித்துவிடும். குவார்ட்ஸுக்கும் பாதரசத்துக்கும் இடையே 2 சதவீதம்கூட இல்லை. எதிரொலி என்பது வெறும் இழப்பு மட்டுமல்ல. குழாய்க்குள் முன்னும் பின்னும் அலையும் அந்த மிச்சம், 0 இருக்க வேண்டிய இடத்தில் பொய்யான 1-ஐ உண்டாக்கும்.

ஆனால் பாதரசத்தோடு வாழ்வது எளிதல்ல. முக்கியமான தொல்லை வெப்பநிலை. ஒரு டிகிரி ஏறினால் பாதரசத்தில் ஒலியின் வேகம் சுமார் 0.03 சதவீதம் குறையும். சிறிய அளவுதான். ஆனால் குழாய்க்குள் 576 துடிப்புகள் வரிசையில் நிற்கின்றன, அதில் 0.03 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு துடிப்பு. மூன்று டிகிரி மாறினால் அரைத் துடிப்பளவு தள்ளிப்போகும். அப்போது ஒழுங்குபடுத்தும் சுற்று ஒவ்வொரு துடிப்பையும் பக்கத்து இடத்தில் வைத்துவிடும். நினைவகம் முழுக்கக் குப்பையாகிவிடும். அதனால்தான் குழாய்களை வெப்பநிலை கட்டுப்படுத்திய பெட்டிக்குள் வைத்தார்கள். சில இயந்திரங்களில் பாதரசத்தை 40 டிகிரி செல்சியஸில் நிறுத்தினார்கள். அதன் அருகே பழுதுபார்ப்பது வியர்த்துக் கொட்டும் வேலை.

அடுத்த தொல்லை இரு முனைப் படிகங்களையும் ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்துவது. குழாயில் போவது பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை. அதன் அலைநீளம் 0.1 மில்லிமீட்டர் அளவே. ஒரு முனைப் படிகம் அதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தாலும், படிகத்தின் ஒரு ஓரமும் மறு ஓரமும் எதிரெதிர்க் கட்டத்தில் அதிர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பாதரசத்தில் அழுக்கு படிந்தாலும், படிகத்தின் மேல் காற்றுக்குமிழி ஒட்டினாலும் இதே கதிதான்.

ஆலன் டூரிங் பாதரசத்துக்குப் பதிலாக நீரும் ஆல்கஹாலும் ஏறக்குறைய ஜின் மதுவின் விகிதத்தில் கலந்த திரவத்தை யோசித்துப் பார்த்தார். சரியான விகிதத்தில் கலந்தால் அறை வெப்பநிலையை ஒட்டி ஒலியின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பதுதான் காரணம்.

எட்சாக்கில் நிரலை எப்படி ஏற்றினார்கள்? உள்ளே எதுவும் இல்லாத இயந்திரம் நாடாவைப் படிக்க யார் சொல்லித்தருவது?

நல்ல கேள்வி. இன்றைய கணினியின் தொடக்க நிரல் இங்கிருந்துதான் வருகிறது. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் சுவிட்சுகளில் 31 கட்டளைகளைக் கம்பியிணைப்பாகவே நிரந்தரமாக அமைத்திருந்தார்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அந்த 31-உம் நினைவகத்தின் 0 முதல் 30 வரையிலான இடங்களில் வந்து உட்காரும். உடனே அவை துளையிட்ட காகித நாடாவைப் படிக்கத் தொடங்கி, நாடாவிலுள்ள எழுத்தையும் பத்தடிமான முகவரியையும் இரும எண்ணாக மாற்றி நினைவகத்தில் அடுக்கும். இதை எழுதியவர் டேவிட் வீலர், அப்போது ஆராய்ச்சி மாணவர். 1949 மே 6 அன்று எட்சாக் ஓட்டிய முதல் நிரல் 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது.

கட்டளைகளை எண்ணால் அல்லாமல் எழுத்தால் எழுதியது அந்தக் காலத்துக்குப் பெரிய வசதி. கூட்டலுக்கு 'ஏ', கழித்தலுக்கு 'எஸ்' என்று நினைவில் நிற்கும்படி வைத்தார்கள்.

'வீலர் தாவல்' என்றால் என்ன?

துணைநிரல் என்பது ஒரு நிரலின் பல இடங்களிலிருந்து அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல். அதற்குள் தாவுவது எளிது. வேலை முடிந்ததும் எங்கிருந்து வந்தோமோ அங்கே திரும்புவதுதான் சிக்கல். எட்சாக்கில் திரும்பும் முகவரியைக் குறித்துக்கொள்ள எந்த வன்பொருள் வசதியும் இல்லை. வீலரின் தீர்வு இது:

1. 100-ஆம் இடத்தில் 'ஏ 100' என்ற கட்டளை. பொருள்: 100-ஆம் இடத்தில் உள்ளதைத் திரட்டியில் கூட்டு. அங்கே இருப்பது அந்தக் கட்டளையேதான். ஆக, கட்டளை தன்னையே திரட்டியில் ஏற்றிக்கொள்கிறது.
2. 101-ஆம் இடத்தில் 'ஜி' கட்டளை: திரட்டி எதிர்க்குறியில் இருந்தால் துணைநிரலுக்குத் தாவு. 'ஏ'-யின் குறியீடு இரும எண்ணில் 1-இல் தொடங்குவதால், திரட்டி எப்போதும் எதிர்க்குறியில்தான் இருக்கும், தாவல் நிச்சயம்.
3. துணைநிரலின் முதல் கட்டளை, திரட்டியோடு 'யு 2' என்ற மாறிலியைக் கூட்டும். 'ஏ'-யின் குறியீடு 28, 'யு'-வின் குறியீடு 7. கூட்டினால் 35. ஐந்து பிட்டில் 32 வழிந்துபோக மீதி 3. அது 'ஈ'-யின் குறியீடு. முகவரிப் பகுதியில் 100-உம் 2-உம் சேர்ந்து 102. ஆக, திரட்டியில் இப்போது 'ஈ 102': 102-க்குத் தாவு என்ற கட்டளை தயார்.
4. அதைத் துணைநிரலின் கடைசி இடத்தில் எழுதிவிட்டு, வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

தவறு எங்கே வரும்? 'ஈ' கட்டளை, திரட்டி சுழியமாகவோ நேர்க்குறியிலோ இருந்தால் மட்டுமே தாவும். துணைநிரல் முடியும்போது திரட்டியில் எதிர்க்குறி எண் மிச்சம் இருந்தால் இயந்திரம் திரும்பாமல் அடுத்த இடத்தில் இருப்பதைக் கட்டளையாக எடுத்து ஓடத் தொடங்கும். அதனால் கடைசிக்கு முன் திரட்டியைக் காலி செய்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நிரலும் எண்ணும் ஒரே இடத்தில் இருப்பதன் பலனை இந்த நான்கு வரியைப்போலத் தெளிவாகக் காட்டும் வேறு எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை. கட்டளையும் ஓர் எண்தான். அதைக் கூட்டலாம், மாற்றலாம், வேறிடத்தில் வைக்கலாம்.

வில்லியம்ஸ் குழாய் எப்படி வேலை செய்தது?

பழைய தொலைக்காட்சியின் படக்குழாயைப்போன்ற ஒரு கேத்தோடு கதிர்க்குழாய். எலக்ட்ரான் கற்றை திரையின் ஒரு புள்ளியைத் தாக்கும்போது, வந்து சேரும் எலக்ட்ரான்களைவிட அதிகமான எலக்ட்ரான்கள் தெறித்து வெளியேறும். அந்தப் புள்ளியில் நேர்மின்னூட்டப் பள்ளம் ஒன்று உண்டாகும். உடனே பக்கத்தையும் தாக்கினால், அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் முதல் பள்ளத்தை நிரப்பிவிடும். பள்ளம் இருப்பது ஒரு பிட், நிரம்பியிருப்பது மற்றொரு பிட். திரையின் வெளிப்பக்கம் ஒட்டிவைத்த உலோகத் தகட்டில், கற்றை மீண்டும் அந்தப் புள்ளியைத் தொடும்போது எழும் மின்துடிப்பின் குறியைப் பார்த்து இன்னதென்று அறியலாம்.

மின்னூட்டம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கசிந்துவிடும். ஆகவே படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய கணினிகளில் டைனமிக் ராம் என்ற நினைவகம் செய்வதும் இதையேதான். ஃபிரெட்டி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் 1947 இறுதிக்குள் ஒரு குழாயில் 2,048 பிட்டை வைத்துக்காட்டினார்கள்.

பாதரசத்தைவிட இதன் மேன்மை, எந்தப் புள்ளிக்கும் உடனே போகலாம் என்பது, காத்திருக்கத் தேவையில்லை. பலவீனம், அது மிக நுண்ணியது. திரைப் பூச்சில் ஒரு சிறு குறை இருந்தாலும் அந்தப் புள்ளி எண்ணை வைத்துக்கொள்ளாது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் தகட்டின் மெல்லிய துடிப்பை மூழ்கடித்துவிடும். அதனால் குழாயை உலோகப் பெட்டிக்குள் மூடினார்கள். ஒரே புள்ளியை அடுத்தடுத்துப் பலமுறை படித்தால், தெறிக்கும் எலக்ட்ரான்கள் அக்கம்பக்கத்துப் பள்ளங்களை மெல்ல நிரப்பும். சிறிய சுழற்சியில் ஓடும் நிரல் தன்னையறியாமல் பக்கத்து எண்ணை அழித்துவிடும் என்பதே இதன் பொருள். நிரல் சரியாக இருந்தும் விடை தவறாக வந்த பல சந்தர்ப்பங்களுக்கு இது காரணமாகியது.

இத்தனைக்கும் பிறகும் பிரின்ஸ்டனில் ஃபான் நாய்மன் குழுவின் இயந்திரம் 40 குழாய்களோடும், ஐபிஎம் 701 கணினி 72 குழாய்களோடும் இதையே நம்பின.

மான்செஸ்டர் 'பேபி'யில் கூட்டல் கட்டளையே இல்லையாமே?

உண்மைதான். பேபி என்பது வில்லியம்ஸும் கில்பர்னும் மான்செஸ்டரில் கட்டிய சிறு சோதனைக் கணினி. மொத்தம் ஏழு வகைக் கட்டளைகள். கணக்குக்கு என்று இருந்தவை கழித்தலும், எதிர்க்குறியோடு ஏற்றுவதும் மட்டுமே. கழித்தல் சுற்று ஒன்று இருந்தால் அதைக்கொண்டு கூட்டிவிடலாம். வால்வு மிச்சம். 20-ஆம் வரியில் 5, 21-ஆம் வரியில் 7 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

வரி 1: 20-ஐ எதிர்க்குறியோடு ஏற்று. திரட்டியில் −5.
வரி 2: 21-ஐக் கழி. இப்போது −12.
வரி 3: 22-இல் சேமி.
வரி 4: 22-ஐ எதிர்க்குறியோடு ஏற்று. இப்போது +12.
வரி 5: 22-இல் சேமி.
வரி 6: நிறுத்து.

நினைவகம் ஒரே வில்லியம்ஸ் குழாய்: 32 வரி, வரிக்கு 32 பிட், மொத்தம் 1,024 பிட். நிரலும் எண்ணும் விடையும் எல்லாம் அதற்குள்தான். இந்த இயந்திரத்தைக் கட்டியதன் முதல் நோக்கமே, வில்லியம்ஸ் குழாய் உண்மையான கணக்கின் வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்று சோதிப்பதுதான்.

1948 ஜூன் 21 அன்று அது போட்ட கணக்கு என்ன?

கில்பர்ன் எழுதிய 17 கட்டளை நிரல். ஒரு எண்ணின், அந்த எண்ணைத் தவிர்த்த மிகப்பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. முதலில் சிறிய எண்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாள்களில் 2-இன் 18-ஆம் அடுக்கான 2,62,144 வரை போனார்கள். 2,62,143-இல் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி, மீண்டும் மீண்டும் கழித்துப் பார்த்து, 1,31,072 என்ற விடையைக் கண்டது. 52 நிமிடம் ஆனது. சுமார் 21 லட்சம் கட்டளைகள். 35 லட்சம் முறைக்கு மேல் நினைவகத்தைத் தொட்டது.

விடை என்ன என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். 52 நிமிடமும் 1,024 பிட்டில் ஒன்றுகூட வழுக்காமல் நின்றதுதான் சாதனை.

அப்படியானால் முதல் கணினி எது?

நிரலை மின்னணு நினைவகத்தில் வைத்து ஓட்டிய முதல் இயந்திரம் பேபி. அன்றாட ஆராய்ச்சி வேலைக்குப் பயன்பட்ட முதல் முழு அளவிலானது எட்சாக். பொதுவான கணக்குகளுக்கான முதல் பெரிய மின்னணு இயந்திரம் எனியாக். இங்கிலாந்தில் போர்க்காலத்தில் இயங்கிய கொலோசஸ் என்ற மின்னணு இயந்திரம் 1970-கள் வரை ரகசியமாகவே இருந்ததால் பழைய பட்டியல்களில் இருக்காது.

காந்த உருளை?

மலிவு, நம்பகம், ஆனால் மெதுவானது. சுழலும் உருளையின் மேற்பரப்பில் காந்தப் பதிவு. மின்சாரம் போனாலும் எண் அழியாது. ஐபிஎம் 650-இல் உருளை நிமிடத்துக்கு 12,500 முறை சுற்றியது. ஒரு சுற்று 4.8 மில்லி விநாடி. அடுத்த கட்டளையை அடுத்த இடத்திலேயே வைத்தால், இதைச் செய்து முடிப்பதற்குள் அது படிக்கும் தலையைக் கடந்துவிடும். முழுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டளையிலும் அடுத்த கட்டளையின் முகவரியும் சேர்ந்தே இருந்தது. ஒரு கட்டளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, அது முடியும் நொடியில் தலைக்கு அடியில் வரும் இடத்தில் அடுத்ததை வைப்பதுதான் நிரலாளரின் கைத்திறன்.

ஃபெரைட் வளைய நினைவகம் எதை மாற்றியது?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும். விர்ல்விண்ட் முதலில் தன் சொந்தத் தயாரிப்பான சேமிப்புக் குழாய்களை நம்பியது. அவை அடிக்கடி செயலிழந்தன. நிகழ்நேரத்தில் ரேடார் தகவலைக் கையாள வேண்டிய இயந்திரத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஜே ஃபாரெஸ்டர் குழு 1953 ஆகஸ்டில் வளைய நினைவகத்தைப் பொருத்தியது. ஒரு தட்டில் 32 × 32 வளையங்கள். ஒரே நேரத்தில் படிக்கும் எண்ணின் (இதைச் 'சொல்' என்பார்கள்) ஒரு பிட்டுக்கு ஒரு தட்டு. நினைவகத்தை அணுகும் நேரம் 25 மைக்ரோ விநாடியிலிருந்து 9-க்கு இறங்கியது.

தந்திரம் பாதி மின்னோட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் போகின்றன. வளையத்தின் காந்தத் திசையைத் திருப்பத் தேவையான மின்னோட்டத்தில் பாதியைக் குறுக்குக் கம்பியிலும் பாதியை நெடுக்குக் கம்பியிலும் அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் திரும்பும். 32 + 32 = 64 கம்பிகளைக் கொண்டு 1,024 வளையங்களில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

படிப்பது என்றால் 0 எழுதிப் பார்ப்பது. முன்பு 1 இருந்திருந்தால் வளையம் திரும்பும்; மூன்றாவதாகக் கோத்த உணர்கம்பியில் துடிப்பு எழும். படித்ததும் எண் அழிந்துவிடுவதால், அடுத்த அரைச் சுற்றில் திரும்ப எழுத வேண்டும். 0-ஆகவே இருக்க வேண்டிய தட்டில், நான்காவது கம்பி வழியாக எதிர்த்திசையில் பாதி மின்னோட்டம் அனுப்பி எழுத்தைத் தடுப்பார்கள்.

இதில் வரும் கோளாறுகளும் தெளிவானவை. ஒரு வளையத்தைப் படிக்கும்போது அதே குறுக்கு, நெடுக்கு வரிசைகளிலுள்ள மற்ற 62 வளையங்களும் பாதி மின்னோட்டம் பெறுகின்றன. ஒவ்வொன்றும் சிறிது இரைச்சல் தரும். 62-உம் சேர்ந்தால் உண்மைத் துடிப்பை மறைத்துவிடும். அதனால் உணர்கம்பியைப் பாதி வளையங்களில் ஒரு திசையிலும் மறுபாதியில் எதிர்த்திசையிலும் கோத்து, இரைச்சல் ஒன்றையொன்று நீக்கும்படி செய்தார்கள். ஃபெரைட் சூடானால் எளிதில் திரும்பும் தன்மை வந்துவிடும். பாதி மின்னோட்டமே ஆபத்தாகிவிடும். எனவே வெப்பநிலைக் கட்டுப்பாடு இங்கும் தேவைப்பட்டது.

டிரான்சிஸ்டர் 1947-லேயே வந்துவிட்டதே. பிறகும் ஏன் வால்வு?

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெயினும் செய்தது புள்ளித்தொடர்பு டிரான்சிஸ்டர். பிளாஸ்டிக் ஆப்பின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, நுனியில் பிளேடால் கீறிப் பிளந்து, அந்த இரு விளிம்புகளையும் ஜெர்மானியத்தின் மேல் அழுத்தி வைத்தது. ஆய்வு மேசையில் அற்புதமாக வேலை செய்தது. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்கவில்லை. லேசான அதிர்வும் மேற்பரப்பு ஈரமும் அதன் குணத்தை மாற்றின. ஜெர்மானியம் சூடானால் கசிவு மின்னோட்டம் வேகமாக ஏறும்.

1953 நவம்பரில் மான்செஸ்டரில் 92 டிரான்சிஸ்டர்களோடு ஒரு சோதனைக் கணினி ஓடியது. அதன் 1955 வடிவம் 200 டிரான்சிஸ்டர்களோடு, பிழையில்லாமல் சராசரியாக ஒன்றரை மணிநேரம்தான் ஓடியது. மின்செலவு 150 வாட் மட்டுமே. கணினியில் வால்வை வெளியேற்றியது அடுத்து வந்த சந்தி டிரான்சிஸ்டர்தான்.

கோளாறைக் குறிக்கும் 'பக்' (பூச்சி) என்ற ஆங்கிலச் சொல் ஹார்வர்டில் பிடிபட்ட பூச்சியால் வந்ததா?

இல்லை. பொறியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்காந்தச் சுவிட்சில்) விட்டில்பூச்சி ஒன்று சிக்கியது உண்மை. அதைப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையாகவே பூச்சி பிடிபட்ட முதல் சம்பவம் என்று எழுதினார்கள். சொல் முன்பே இருந்ததால்தான் அந்தக் குறிப்புக்குப் பொருள் உண்டு.

இந்தியாவுக்கு இது எப்போது வந்தது?

1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து எச்இசி-2எம் என்ற கணினி வந்தது; அதன் நினைவகம் காந்த உருளை. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு சொந்தமாகவே டிஃப்ராக் என்ற கணினியைக் கட்டியது. 2,700 வால்வுகள், 40 பிட் சொற்கள்; நினைவகம் ஃபெரைட் வளையம். 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பாதரசம், வில்லியம்ஸ் குழாய் இரண்டையும் தாண்டி நேராக வளையத்துக்குப் போனது நல்ல முடிவு.

இன்று இவற்றை ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். 1998-இல் கட்டிய பேபியின் மறு உருவாக்கம் மான்செஸ்டரின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளெட்ச்லி பூங்காவிலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் எட்சாக்கை மீண்டும் கட்டுகிறார்கள். பாதரசம் நச்சு என்பதால் அங்கே துடிப்புகள் பாதரசக் குழாய்க்குப் பதிலாக நிக்கல் கம்பி வழியாகச் சுற்றும்.

கணினியில் ஓடும் பாவனை நிரல்களும் கிடைக்கின்றன. பேபியில் தொடங்குபவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பிட்கள் இடமிருந்து வலமாக ஏறுவரிசையில் இருக்கும். 6 என்பது 110 அல்ல, 011. இரண்டு, கட்டளை எண்காட்டி (எந்த வரியை எடுக்க வேண்டும் என்று குறிக்கும் எண்) முதலில் ஒன்று கூடிய பிறகே வரியை எடுக்கும். அதனால் நிரல் 0-ஆம் வரியில் அல்ல, 1-ஆம் வரியில் தொடங்கும். மூன்று, தாவல் கட்டளை வரி எண்ணை நேராக எடுக்காது. அது சுட்டும் வரியில் உள்ள எண்ணைத்தான் எடுக்கும், அதன் மேல் ஒன்று கூடும். 1-ஆம் வரிக்குத் தாவ வேண்டுமானால், ஏதாவது ஒரு வரியில் 0-ஐ வைத்து, அந்த வரியைச் சுட்ட வேண்டும்.